கோல்கீப்பரின் முதுகும் ஒரு கணக்கா?

2025 ஜூலையில் பார்சிலோனா கேப்டன் தெர் ஸ்டேகன் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவெடுத்தார். மூன்று மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று அவரே அறிவித்தார். பதினோரு ஆண்டாக அந்த அணியின் வலையைக் காத்த மனிதர் மூன்றே மாதத்தில் தேறிவிடுவார் என்றால், சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே? கிளப் சந்தோஷப்படவில்லை. அவருடைய காயம் நான்கு மாதமாவது நீடிக்கும் என்று ஸ்பெயின் லீகான லா லிகாவின் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டால்தான், அவர் சம்பளத்தில் பெரும்பகுதியை ஒதுக்கி எடுத்து, எஸ்பான்யோலிலிருந்து வாங்கிவந்த ஜோவான் கார்சியாவின் பெயரைப் பதிவு செய்ய முடியும். மருத்துவ அறிக்கையை லீகுக்கு அனுப்ப தெர் ஸ்டேகனின் கையெழுத்து வேண்டும். அவர் மறுத்தார். கிளப் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது, கேப்டன் பதவியைப் பறித்தது. அவர் கையெழுத்துப் போட்டதும் பதவி திரும்ப வந்தது.

அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஒரு மனிதனின் முதுகெலும்பு எத்தனை மாதம் வலிக்க வேண்டும் என்பது சம்பளக் கணக்கை வைத்துப் பேசப்படுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

சம்பள வரம்பு என்கிற ஏற்பாட்டின்மேல் எனக்குப் பகை இல்லை. அது வேண்டும் என்று சொல்கிற கட்சி நான். ஸ்பெயினில் அதற்கு முன்பு நடந்தது அவ்வளவு மோசம். கிளப்புகள் வரிப்பாக்கி வைத்தன, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கொடுக்காமல் இழுத்தடித்தன. 2011 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, லீகின் முதல் வாரமே தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான், ஹவியேர் தேபாஸ் லீகின் தலைவராக வந்த 2013இல், இந்தக் கட்டுப்பாடு பிறந்தது. ஒரு கிளப்புக்கு இந்த ஆண்டு வரப்போகும் வருமானத்தை எடுத்துக்கொள். ஆட்டம் சாராத நிர்வாகச் செலவைக் கழி, கட்டவேண்டிய கடனைக் கழி. மீதி எவ்வளவோ அதுதான் அணிக்கான வரம்பு. சம்பளம், வாங்கிய விலையில் அந்த ஆண்டுக்கான பங்கு, ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் புதிய ஆட்டக்காரரின் பெயரை லீக் பதிவு செய்யாது. இங்கிலாந்தில் செலவு செய்துமுடித்த பிறகு கணக்குப் பார்த்துப் புள்ளியைக் குறைக்கிறார்கள். ஸ்பெயினில் செலவு செய்யும் முன்பே கையைப் பிடிக்கிறார்கள். எது மேல் என்று கேட்டால் ஸ்பெயின்காரர்கள் செய்வதைத்தான் சொல்வேன்.

என் ஆதங்கமெல்லாம் இதுதான்: தவறு செய்தவன் ஒருவன், அதற்கு அழுகிறவன் வேறொருவன்.

2017இல் பார்சிலோனா நிர்வாகிகள் நெய்மாரை பாரிஸுக்கு 22.2 கோடி யூரோவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணம் கையில் சூடு ஆறுவதற்குள் டெம்பெலேவுக்கு 10.5 கோடி, ஆறு மாதத்தில் கொட்டினியோவுக்கு 12 கோடி. இரண்டிலும் போனஸ் தனி. 2019இல் கிரீஸ்மனுக்கு இன்னொரு 12 கோடி. சம்பளமும் அதற்கேற்ப ஏறியது. கொரோனா வந்து மைதானம் பூட்டப்பட்டதும் எல்லாம் வெளுத்துப்போயிற்று. 2019-20இல் 67 கோடி யூரோவாக இருந்த வரம்பு மறு ஆண்டே 38 கோடியானது, 2021 செப்டம்பரில் 10 கோடிக்கும் கீழே போனது. 2022 மார்ச்சில் லீக் வெளியிட்ட பட்டியலில் பார்சிலோனாவின் பெயருக்கு எதிரே மைனஸ் 14.4 கோடி! செலவு செய்த தலைவர் பார்த்தொமேயு அதற்கு வெகு முன்பே, 2020 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார்.

அழுதவர் மெஸ்ஸி. 2021 ஆகஸ்ட் 8, கேம்ப் நோவின் அரங்கில் மைக் முன்னால் நின்று, மனைவி கொடுத்த காகிதத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாரே, அந்தக் காட்சியைப் பார்க்காத கால்பந்து ரசிகர் உண்டா? சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் சம்மதித்திருந்தார். அப்படியும் கணக்கு நிற்கவில்லை. மெஸ்ஸி இல்லாமலேயே சம்பளச் செலவு வருமானத்தில் 95 சதவீதம், அவரும் இருந்தால் 110 சதவீதம் என்றார் புதிய தலைவர் லபோர்தா. மொத்தக் கடன் 135 கோடி யூரோ. மெஸ்ஸியின் பழைய சம்பளமும் இந்த நிலைக்கு ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தொகையை அவர் திருடிக்கொண்டு போகவில்லையே, நிர்வாகிகள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே!

மெஸ்ஸி போனதோடு புத்தி வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். 2022 கோடையில் என்ன செய்தார்கள்? லீக் தொலைக்காட்சி வருமானத்தில் நான்கில் ஒரு பங்கை, 25 ஆண்டுகளுக்கு, சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கிளப்பின் காணொளி நிறுவனமான பார்சா ஸ்டுடியோஸில் ஏறக்குறைய பாதியை இரண்டு கம்பெனிகளுக்குத் தலா 10 கோடிக்கு விற்றார்கள். அந்தப் பணமெல்லாம் வருமானமாகக் கணக்கில் ஏற, வரம்பு ஒரேயடியாக உயர்ந்தது. உடனே லெவன்டோவ்ஸ்கி, ரஃபீன்யா, கூண்டே என்று ஏறக்குறைய 15 கோடிக்கு ஆட்டக்காரர்கள். விதைநெல்லை விற்று விருந்து வைத்தார்கள். அடுத்த கோடையில் கோப்பை வந்தது உண்மை. ஆனால் 2022இல் பத்து வயதாக இருந்த ஒரு பார்சிலோனாப் பையனுக்கு 35 வயதாகும்வரை அந்த நான்கில் ஒரு பங்கு கிளப்புக்கு வராது. ஸ்டுடியோஸ் பங்கை வாங்கியவர்கள் சொன்னபடி பணம் கட்டவும் இல்லை. அந்த ஓட்டை பின்னால் கிளப்பின் கணக்கில்தான் விழுந்தது.

கட்டுப்படுத்த வந்த விதி, வீட்டுச் சொத்தை விற்றால் செலவு செய்ய அனுமதி என்று வழிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருமுறை விற்ற சொத்து வருமானமா? ஆண்டுதோறும் வருவதல்லவா வருமானம்!

டானி ஓல்மோவுக்கு நடந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பார்சிலோனாவின் கால்பந்துப் பள்ளியிலேயே வளர்ந்து, பதினாறு வயதில் ஸாக்ரெபுக்குப் போய், லைப்ஸிக் வழியாக 2024 ஆகஸ்டில் சொந்த வீட்டுக்குத் திரும்பியவர். வந்தது ஐரோப்பியக் கோப்பையோடு. இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் இங்கிலாந்தின் சமன் கோலைக் கோட்டருகே நின்று தலையால் வெளியே தள்ளினாரே, அவரேதான். அப்படிப்பட்டவர் லீகின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் இல்லை. "மாமா, ஓல்மோவுக்கு அடிபட்டிருச்சா?" என்று அக்கா மகன் கேட்டான். "இல்லடா, பேரு பதியலை" என்றேன். ஐந்து கோடிக்கும் மேல் கொடுத்து வாங்கிய ஆளின் பெயரை ஏன் பதியவில்லை என்று பதினான்கு வயதுப் பையனுக்கு எப்படி விளக்குவது?

கடைசியில் இன்னொரு பார்சிலோனா ஆட்டக்காரர் கிறிஸ்டென்சனுக்குக் குதிகால் தசைநாணில் காயம் என்றதும் வழி பிறந்தது. நீண்டகாலக் காயம் என்றால் அந்த ஆட்டக்காரர் சம்பளத்தில் 80 சதவீதம்வரை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாம். அப்படிப் பதிவாகி, ராயோ வயேகானோவுக்கு எதிராக இடைவேளைக்குப் பிறகு இறங்கிய ஓல்மோ, 82ஆம் நிமிடத்தில் வெற்றி கோலையே அடித்தார். ஆனால் அந்தப் பதிவு டிசம்பர் 31 வரைதான் செல்லும். அதற்குள் கிளப் வருமானத்தைக் காட்ட வேண்டும். கட்டி முடியாத கேம்ப் நோவின் விஐபி இருக்கைகளை 10 கோடிக்கு விற்றதாகக் கடைசி நேரத்தில் காகிதத்தோடு ஓடினார்கள். கெடு தாண்டிவிட்டது. ஒரே சீசனில் ஒரே கிளப்புக்கு இரண்டாம் முறை பதிய முடியாது என்று ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி வேறு. பாவ் விக்டர் என்ற இளைஞனும் ஓல்மோவோடு நடுத்தெருவில் நின்றான். 2025 ஜனவரி 8 அன்று அரசின் விளையாட்டு மன்றம் தற்காலிக அனுமதி கொடுத்தது. ஏப்ரலில் லீக், அந்த 10 கோடி கிளப்பின் கணக்கிலேயே ஏறவில்லை என்று அறிக்கை விட்டது. மறுநாளே மன்றம் கிளப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த சீசன் கோப்பையும் பார்சிலோனாவுக்கே.

நான் பார்சிலோனா ரசிகன். அந்தக் கோப்பைக்கு மகிழ்ந்தேன். ஆனாலும் மனசாட்சியோடு கேட்கிறேன்: 2015இல் எல்சே 13ஆம் இடத்தில் முடித்தும், வரிப்பாக்கிக்காக இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டதே, அதற்கு யாராவது தற்காலிக அனுமதி கொடுத்தார்களா? ரேயுஸ் என்ற கத்தலான் கிளப் சம்பளம் கொடுக்க முடியாமல் 2019 ஜனவரியில், சீசன் நடுவிலேயே, வெளியேற்றப்பட்டது. அவர்களிடம் விற்பதற்கு 25 ஆண்டுத் தொலைக்காட்சி வருமானமோ விஐபி இருக்கையோ இல்லை.

இங்கிலாந்தில் மட்டும் நியாயம் வாழ்கிறதா? செல்சீ தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றுக் கணக்கைச் சரிசெய்தது. அதே கணக்குக்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளி வெட்டு, மேல்முறையீட்டில் அது ஆறானது.

ஸ்பெயினில் இன்னொன்றும் நடந்திருக்கிறது, அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை. உறுப்பினர்களே உடைமையாளர்களாக இருக்கும் பார்சிலோனா போன்ற கிளப்புகளின் நிர்வாகிகள், பட்ஜெட்டில் 15 சதவீதத்துக்குச் சொந்தப் பொறுப்பில் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2021 மார்ச்சில் லபோர்தா குழு 12 கோடி யூரோவுக்கும் மேல் கட்டித்தான் பதவியேற்றது. 2022 இறுதியில் வந்த புதிய விளையாட்டுச் சட்டம் அந்த உத்தரவாதத்தையே எடுத்துவிட்டது. ஆட்டக்காரரின் காயத்தை மாதக்கணக்கில் அளக்கிற நாட்டில், செலவுக்குக் கையெழுத்துப் போடுகிறவருடைய சொந்தப் பணத்துக்கு ஆபத்தே இல்லை.

ஒருமுறை விற்கும் சொத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். காயத்தை வரவாக எழுதுவதை நிறுத்துங்கள். பதிவு செய்ய வழியில்லாதவரை வாங்கவே விடாதீர்கள். வரம்பை மீறி ஒப்பந்தம் போட்ட நிர்வாகியின் சொந்த உத்தரவாதத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். சம்பள வரம்பு அவர்களையும் தொடட்டும்.