நோயாளியை உறங்க விடுங்கள்

அண்மையில் நான்கு இரவுகளை வைத்தியசாலை விடுதியொன்றில் கழிக்க நேர்ந்தது. வலியைவிட விளக்கொளியும் தள்ளுவண்டிச் சத்தமுமே என் உறக்கத்தைப் பறித்தன. அதிகாலை நான்கு மணிக்கு, தேறிவந்தவர்களையும் எழுப்பிக் குருதியமுக்கம் அளந்தார்கள்.

முதல் உறக்கத்திலிருந்து நோயாளியை எழுப்பலாகாது என்று புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இலேயே எழுதினார். இரவில் நோயாளர் விடுதியின் இரைச்சல் 30 டெசிபலை மீறலாகாது என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல். உறக்கமின்மை வலியைக் கூட்டும். முதியோருக்கு மனக்குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும்.

தாதியரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்களின் பணிச்சுமையை நேரில் கண்டேன். ஆயினும், ஆபத்துநிலை கடந்தவரின் பரிசோதனையை வைத்தியரின் ஒப்புதலுடன் விடியும்வரை தள்ளிவைக்கவும், விளக்குகளை நேரத்தோடு தணிக்கவும் பெரும் பணம் வேண்டியதில்லை. உறக்கமும் ஒரு மருந்தே என்பதை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால் போதும்.