கடலோர விருந்தும் மத்ஹபு வழக்கும்

 

திருவையாற்றைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களில் வாழும் நம் குடும்பங்கள், விடுமுறை வந்தால் நாகூர், காரைக்கால் என்று கடற்கரையை நாடுவது வழக்கம். 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திற்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. இடையிடையே நின்று ஓடினாலும், சுமார் 60 கடல் மைல் கடந்து யாழ்ப்பாணம் செல்லும் வழி மீண்டும் திறந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அங்குச் சென்றும் பிள்ளைகள் பிராய்லர் கோழி பிரியாணியையே கேட்கின்றனர். பெரியவர்களோ, விரிப்பில் இறாலைக் கண்டதும் மத்ஹபு வழக்கைத் தொடங்கிவிடுகின்றனர். முன்னதால் நாவிற்கு இழப்பு. பின்னதால் உறவுக்கு இழப்பு.

கடலோர முஸ்லிம்களின் சமையல், மரக்கலம் ஓட்டிய முன்னோரின் வரலாறு ஆகும். அவித்து, புகையூட்டி, உலர்த்திய மாசி மாலத்தீவிலிருந்து வந்தது. நெடுநாள் கெடாத அந்த மீன், கடற்பயணத்திற்கு ஏற்ற உணவு. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த வட்டலப்பமும், கீழக்கரையின் தொதலும் மலாய் மக்களின் உறவால் வந்தவை. நாகூரில் இறாலும் வெங்காயமும் வைத்துப் பொரிக்கும் வாடாவும், யாழ்ப்பாணத்தில் ஒடியல் மாவு கரைத்து மீன், இறால், நண்டு, கணவாய் யாவும் ஒரே பானையில் கொதிக்கும் கூழும் அந்தந்த மண்ணின் செல்வங்கள். இவற்றைச் சுவைக்காமல் திரும்புவது அந்த ஊரைப் பாதி பார்த்ததற்கே சமம்.

இனி மார்க்க நிலை. கடல் உணவு ஊரில் இருப்போருக்கும் பயணிகளுக்கும் பயன் என்பதை அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் உணர்த்துகிறது. மீனை அறுக்க வேண்டிய தேவையில்லை என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இறாலும் கணவாயும் ஆகும். ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீனினமா என்பதில் அம்மத்ஹபின் அறிஞர்களே இரு கருத்தினர். நண்டைப் பற்றி ஷாஃபிஈ அறிஞர்களிடமும் வேறுபாடு உண்டு. கடலோரத்தில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுதி என்பதால், சம்பந்தி வீட்டு விருந்திலேயே இவ்வழக்கு எழுகிறது.

அபூஉபைதா (ரலி) அவர்களின் தலைமையில் கடற்கரைக்குச் சென்ற 300 வீரர்கள், நாளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்னும் அளவுக்குப் பசியில் வாடியபோது, கரையொதுங்கிய பெருமீனை அல்லாஹ் அவர்களுக்கு உணவாக்கினான். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள். மற்றொரு சமயம் விருந்தில் உடும்பு வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராம் அன்று, தம் சமூகத்தாரின் நிலத்தில் இல்லாததால் விருப்பமில்லை என்று விளக்கினார்கள். காலித் பின் வலீத் (ரலி) அவர்களோ அவர்கள் முன்னிலையிலேயே அதை உண்டார்கள். உண்டவரும் உண்ணாதவரும் ஒரே விரிப்பில் அமர்ந்திருந்தனர். நமக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

ஆகவே, ஹனஃபி விருந்தினர் புறப்படும் முன்பே தம் வழக்கத்தைப் பணிவுடன் தெரிவிப்பது நன்று. கூழ் போன்ற உணவில் கணவாயைத் தனியே பிரித்தெடுக்க இயலாது. ஆனால் மீன் மட்டும் இட்டு வேறொரு பானை காய்ச்சுவது எளிது. வீட்டார் அதை அவமதிப்பாகக் கருதலாகாது. விருந்தினரும் பிறர் தட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. உணவகங்களில் மீன் ஆகுமானது என்றாலும், பொரிக்கும் எண்ணெயையும் பாத்திரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அளவாக வாங்குங்கள், கடலின் கொடையை வீணாக்குவதும் வீண்விரயமே.

போகும்போது நம் திருவையாற்று அசோகாவை எடுத்துச் செல்லுங்கள். வரும்போது ஒரு துண்டு மாசியும் அதைச் சமைக்கும் முறையும் கேட்டு வாருங்கள். அன்பளிப்பு நேசத்தை வளர்க்கும்.

ஒரே ஸஹனில் அமர்ந்து, வேறுபாட்டை மதித்து, நன்றியுடன் உண்ணும் நல்லோராக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.