ஜமைக்காவில் கடலுக்கும் டிக்கெட்

கரீபியன் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போகத் திட்டமிடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ளும் வார்த்தை ‘ஆல் இன்க்ளூசிவ்’. அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் தீனி, குடி, படகு சவாரி, இரவு ஆட்டபாட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒரே தொகையாகக் கட்டிவிட வேண்டும். அங்கே போனபின் சட்டைப் பையில் கைவைக்கும் வேலையே இல்லை என்று பயணக் கம்பெனிக்காரர் சொல்வார். மாதச் சம்பளத்தில் காலம் தள்ளுகிறவருக்கு இந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். செலவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே!

இந்த முறை செழித்த நாடுகளில் ஜமைக்கா முக்கியமானது. மாண்டிகோ பே, ஓச்சோ ரியோஸ், நெக்ரில் என்று வடக்கிலும் மேற்கிலும் கரை நெடுக ஹோட்டல்கள். மாண்டிகோ பே விமான நிலையத்தில் இறங்கினால் ஹோட்டல் பஸ் காத்து நிற்கும். வாசலில் காவலர். உள்ளே போனதும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். அந்தப் பட்டை இருந்தால் சாப்பாடு, மணல், கடல் எல்லாம் உண்டு. ஏழாம் நாள் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் விமான நிலையம். ஜமைக்காவைப் பார்த்து வந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தப் பட்டை இல்லாத ஜமைக்காக்காரர் அதே கடலில் குளிக்க வேண்டுமானால் எங்கே போவார்? பயணத் திட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. மும்பையில் இருக்கும் நம்மவருக்கு இப்படி ஒரு கேள்வி எழும் என்பதே வியப்பாக இருக்கும். ஜுஹுவில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் மணலை ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்கு எதிரிலேயே தாராவியிலிருந்து வந்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேல்பூரி தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அலையில் கால் நனைக்க அவர்களிடம் யாரும் காசு கேட்பதில்லை.

ஜமைக்காவில் கதை வேறு. அங்கே 1956ஆம் ஆண்டின் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அலை ஏறி இறங்கும் ஈர மணலும் கடலடி நிலமும் அரசுக்குச் சொந்தம் என்கிறது அந்தச் சட்டம். அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த விரும்புகிறவர் உரிமம் பெறலாம். ஆனால் பொதுஜனங்கள் அங்கே நடக்கவும் குளிக்கவும் பொதுவான உரிமை உண்டு என்று சட்டம் சொல்லவில்லை. ஈர மணலுக்கு மேலே இருக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர் சுவர் எழுப்பிவிட்டால், அப்புறம் கடலுக்குப் போக வழி ஏது? வெள்ளைக்காரர் ஆட்சியில் போட்ட சட்டம் இது. 1962 ஆகஸ்டு 6ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றது. சட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மாண்டிகோ பேயில் ‘டாக்டரின் குகைக் கடற்கரை’ என்று பெயர்பெற்ற இடம் ஒன்று உண்டு. மெக்கட்டி என்ற டாக்டர் 1906இல் தம்முடைய கடற்கரைச் சொத்தைக் குளியல் சங்கம் அமைக்கத் தானமாகக் கொடுத்தார். அப்போது ஒரு குகை வழியாகத்தான் மணலுக்கு இறங்க வேண்டும். 1932இல் அடித்த புயலில் குகை இடிந்துபோயிற்று, பெயர் மிஞ்சியது. அங்கே இப்போது உள்ளே போகக் கட்டணம். தானம் கொடுத்த இடத்துக்கே டிக்கெட் என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்பானேன்?

ஊர்க்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 1882ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று அவர்கள் கைக்கு அகப்பட்டது. பொதுமக்கள் ஒரு கடற்கரையை 20 ஆண்டுகள் தடையில்லாமல் பயன்படுத்தி வந்ததாக நிரூபித்தால், அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். கிழக்கே போர்ட்லண்ட் மாவட்டத்தில் வின்னிஃப்ரெட் கடற்கரையை அரசாங்க வளர்ச்சிக் கழகம் எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது, ஊரார் வழக்குப் போட்டார்கள். 2014இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. இன்றும் அங்கே மீன் பொரித்து விற்கிறவர்கள் விற்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள். ஓச்சோ ரியோஸுக்கு அருகில் உள்ள மாமி பேயிலும் மீனவர்கள் உள்ளிட்ட ஊர்மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடற்கரை பிறப்புரிமை என்று சொல்லி ஓர் இயக்கமே அங்கு நடக்கிறது.

ஹோட்டல்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 1970களில் அந்த நாட்டில் அரசியல் வன்முறை தலைவிரித்தாடியது. வெளிநாட்டார் வரப் பயந்தார்கள். வேலிக்குள் எல்லாம் கிடைக்கும், வெளியே போகவே வேண்டாம் என்ற ஏற்பாடு அந்தப் பயத்துக்கு மருந்தாக வளர்ந்தது. இதில் பெரும் பெயர் எடுத்த ‘சாண்டல்ஸ்’ ஸ்தாபனத்தை 1981இல் மாண்டிகோ பேயில் தொடங்கியவர் கார்டன் ஸ்டூவர்ட் என்ற ஜமைக்காக்காரர்தான். சுமார் 28 லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு, கப்பலில் வந்து சில மணி நேரம் தங்கிப் போனவர்களையும் சேர்த்து, 2023இல் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அந்நியச் செலாவணிக்கும் வேலைக்கும் இந்தத் தொழிலை விட்டால் அந்த நாட்டுக்குப் போக்கிடம் குறைவு. கலவரம் நடந்த காலத்தில் எழுப்பிய சுவரைக் காட்டி, கடலுக்குப் போகும் வழியை என்றைக்கும் அடைத்து வைப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

வேலை என்று சொல்லும்போது கூலியையும் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் ஜமைக்கா சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 40 மணி நேர வாரத்துக்கு 16,000 ஜமைக்கா டாலர். அமெரிக்கப் பணத்தில் சுமார் 100 டாலர். கரையோர ஹோட்டல்கள் பலவற்றில் ஒரு நாள் தங்குவதற்கே அதைவிட அதிகம் ஆகும். ஹோட்டல் ஊழியர் அனைவருக்கும் இந்தக் கூலிதான் என்பதல்ல. ஆனாலும் 2024 அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வடகரையில் பல ஹோட்டல்களின் ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். சம்பளம், தற்காலிக ஒப்பந்தம், நடத்தும் விதம் ஆகியவையே குறை. பெரிய ஹோட்டல்களில் பல ஸ்பெயின் நாட்டுக் கம்பெனிகளுக்குச் சொந்தம். ‘எல்லாம் அடக்கம்’ என்று முன்பணம் கட்டியவர் வெளியே தேநீர்கூடக் குடிப்பதில்லை. வாசலுக்கு வெளியே வறுத்த மீன் விற்கிறவருக்கும் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் அந்தப் பணத்தில் என்ன போய்ச் சேரும்?

மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல்களில் சமையல்காரராகவும் அறைப் பணியாளராகவும் போகிற இளைஞர்களுக்கு இது புதிதாக இராது. அவர்களுடைய கப்பல்கள் ஜமைக்காவில் ஃபால்மத் துறையிலும் ஓச்சோ ரியோஸிலும் நிற்கின்றன. விடுமுறைக்கு வருகிறவர்களை வெயிலில் மலர்ந்த முகத்தோடு வரவேற்பது எத்தனை மணி நேர வேலை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கரீபியன் தீவுகளிலேயே பார்படோஸும் இருக்கிறது. அங்கே கடற்கரை முழுவதும் பொதுச் சொத்து. எத்தனை பெரிய ஹோட்டலானாலும் அதன் முன்னால் ஊர்க்காரர் துண்டை விரித்துப் படுக்கலாம். சாலையிலிருந்து மணலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகள் அடைபடுகின்றன என்ற புகார் அங்கும் எழுவதுண்டு. இருந்தாலும் பயணிகள் வராமல் பார்படோஸ் ஹோட்டல்கள் காலியாகிவிடவில்லை. ஊர்க்காரர் மணலில் நடந்தால் தொழில் படுத்துவிடும் என்ற வாதம் அங்கே பலிக்கவில்லை என்பதை ஜமைக்கா சர்க்கார் எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்தபின் ஜமைக்காவுக்குப் போக வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. 2025 அக்டோபர் 28ஆம் தேதி ‘மெலிசா’ புயல் தீவின் மேற்குப் பகுதியைச் சூறையாடியது. பிளாக் ரிவர் என்ற பழைய துறைமுக ஊர் சின்னாபின்னமாயிற்று. இந்த நிலையில் பயணிகள் வராமற்போனால் முதலில் அடுப்பு அணைவது கூலிக்காரர் வீட்டில்தான்.

போகிறவர் யோசித்துப் போகட்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை சீசன், விலை ஏறியிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். நம் பள்ளி விடுமுறையான மே மாதம் இரண்டுக்கும் நடுவில் வசதியாக விழுகிறது. கொஞ்சம் மழை இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரிடம் ஜமைக்கா முன்கூட்டி விசா கேட்பதில்லை என்று விளம்பரக்காரர் சொல்வது சரிதான். ஆனால் இங்கிருந்து நேர் விமானம் கிடையாது. அமெரிக்கா வழியே போனால் விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். இதைச் சொல்லாமல் டிக்கெட் விற்கிறவரிடம் ஜாக்கிரதை தேவை.

ஏழு நாளையும் ஒரே ஹோட்டலுக்குள் கழிக்காமல், மூன்று நாளாவது போர்ட்லண்ட் பக்கத்தில் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளில் தங்கலாம். வின்னிஃப்ரெட் கடற்கரையும், புகையில் சுட்ட காரமான இறைச்சிக்குப் பேர்போன பாஸ்டன் பேயும் அங்கேதான். ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் ஆட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும் கிடைக்கும். 1845 மே 10ஆம் தேதி ‘பிளண்டல் ஹண்டர்’ கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் ஓல்டு ஹார்பர் பேயில் இறங்கிய காலத்தில் தொடங்கிய சமையல் அது. 1917க்குள் 36,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலோர் வடநாட்டார்; சென்னையில் கப்பல் ஏறியவர்களும் உண்டு. இரவில் தனியாகச் சுற்றாமல் இருப்பதும், டாக்ஸிக்காரரிடம் ஏறும் முன்பே கூலி பேசிக்கொள்வதும் எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். முன்பதிவு செய்யும்போது ஹோட்டலிடம் இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்கலாம்: உங்கள் கடற்கரைக்கு ஊர்க்காரர் வர வழி விட்டிருக்கிறீர்களா?