பொட்டலத்தைப் பிரித்தாலே ஆபத்து: செயலிகள் பேசிக்கொள்ளும் விதத்தில் என்ன ஓட்டை?

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி மாலை 4.47 மணி. ஸூம், லிங்க்ட்இன் உட்படப் பல இணையத்தளங்கள் திடீரெனத் திறக்கவில்லை. "வைஃபை போச்சா?" என்று நீங்களும் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கலாம்.

கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. ஏராளமான இணையத்தளங்களுக்கு முன்வாசலாக இருக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் கட்டமைப்பு சுமார் 25 நிமிடம் தடுமாறியது. அதன் வழியே செல்லும் இணையப் போக்குவரத்தில் ஏறத்தாழ 28 விழுக்காடு பாதிக்கப்பட்டது.

அது இணையத் தாக்குதல் அல்ல. இரண்டு நாளுக்கு முன்பு, டிசம்பர் 3ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையிலிருந்து வாடிக்கையாளர்களைக் காக்க நிறுவனம் அவசரமாகச் செய்த மாற்றங்களின் பக்கவிளைவு. அந்த ஓட்டை இருந்தது ரியாக்ட் என்ற மென்பொருளில். அதற்குத் தரப்பட்ட ஆபத்து மதிப்பெண் பத்துக்குப் பத்து.

அவ்வளவு அவசரப்பட என்ன இருக்கிறது? அதற்கு முதலில் செயலிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று பார்ப்போம்.

சீரியலைசேஷன் என்றால் என்ன?

வீடு மாறுகிறீர்கள். பெரிய அலமாரி வீவக மின்தூக்கிக்குள் நுழையாது. என்ன செய்வீர்கள்? பலகை பலகையாகக் கழற்றி, திருகாணிகளைப் பையில் போட்டு, எதை எங்கே மாட்டுவது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புவீர்கள். புது வீட்டில் இருப்பவர் அந்தத் தாளைப் பார்த்து மீண்டும் பூட்டுவார்.

செயலிகளும் அதைத்தான் செய்கின்றன. ஒரு நிரலின் நினைவகத்தில் உங்கள் பெயர், வாங்கிய பொருள்கள், கட்டிய தொகை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய வடிவில் இருக்கும். அதை அப்படியே கம்பி வழியே அனுப்ப முடியாது. கழற்றி, வரிசையான எழுத்துகளாகவோ பைட்டுகளாகவோ மாற்ற வேண்டும். அதுதான் சீரியலைசேஷன். மறுமுனையில் மீண்டும் பூட்டுவது டீசீரியலைசேஷன். உணவுக்கு ஆர்டர் கொடுப்பது, பேநவ் மூலம் பணம் அனுப்புவது என எதைச் செய்தாலும் இந்தக் கழற்றலும் பூட்டலும் உங்களுக்குத் தெரியாமல் பலமுறை நடக்கின்றன.

சரி, இதுல என்ன பிரச்சினை?

நிரல் எழுதுபவருக்கு ஓர் ஆசை உண்டு: "எந்த வகைப் பொருளா இருந்தாலும் அனுப்பு, நான் பூட்டிக்கிறேன்." ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக விதி எழுத வேண்டாம். பொட்டலமே தான் என்ன வகை என்று சொல்லிவிடும். எவ்வளவு வசதி!

ஆனால் பொட்டலத்தை அனுப்புவது உங்கள் நண்பர்தான் என்று யார் சொன்னது? யாரோ ஒருவர் அலமாரிக்குப் பதிலாக வேறு எதையோ அனுப்பி, தாளில் "முதலில் வாசல் கதவைத் திறந்து வையுங்கள், பிறகு சாவியை வெளியே வையுங்கள்" என்று எழுதியிருந்தால்? மனிதர் சந்தேகப்படுவார். நிரல் சந்தேகப்படாது. தாளில் உள்ளதைச் செய்துவிடும்.

பொருள் முழுதாகப் பூட்டப்பட்ட பிறகுதான் ஆபத்து என்றும் இல்லை. பூட்டும்போதே தாக்குதல் நடந்துவிடலாம். "வந்ததை அப்புறம் சரிபார்ப்போம்" என்று நினைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

ரியாக்ட்டில் என்ன நடந்தது?

ரியாக்ட், மெட்டா நிறுவனத்தில் உருவாகி இன்று உலகெங்கும் இணையப் பக்கங்களைக் கட்டப் பயன்படும் கருவி. அதன் புதிய பதிப்புகளில் உங்கள் உலாவியும் செர்வரும் ஃபிளைட் என்ற முறையில் பேசிக்கொள்ளும். சாதாரண எண், எழுத்து மட்டுமல்லாமல் பல வகைப் பொருள்களையும் அதில் அனுப்பலாம். "ஒன்றாம் துண்டை எடு, அதற்குள் இந்தப் பெயரில் இருப்பதை எடு" என்று செய்திக்குள்ளேயே குறிப்பு எழுதவும் முடியும்.

அந்தப் பெயர் உண்மையிலேயே அனுப்பிய தரவில் இருக்கிறதா, இல்லை ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் உள்ளுறுப்பா என்று செர்வர் பார்க்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, கவனமாகச் செதுக்கிய ஒரே ஒரு செய்தியால் செர்வரில் விருப்பப்பட்ட கட்டளையை ஓட்ட முடிந்தது. கடவுச்சொல் தேவையில்லை. கணக்கும் தேவையில்லை. அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே ஊடுருவும் முயற்சிகள் தொடங்கிவிட்டதாக அமேசான் தெரிவித்தது.

இது முதல் தடவையா?

இல்லை. அதே ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயிண்ட் மென்பொருளில் இதே வகை ஓட்டை வெடித்தது. நிறுவனங்கள் தங்கள் சொந்த செர்வர்களில் வைத்திருந்த ஷேர்பாயிண்ட் மட்டுமே சிக்கியது. மேகக் கணினியில் இயங்கும் பதிப்புக்குப் பாதிப்பில்லை. ஜூலை 8ஆம் தேதி வெளிவந்த திருத்தத்தையே ஊடுருவிகள் தாண்டிவிட்டார்கள். 20ஆம் தேதி தொடங்கி மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட அமைப்புகள் 400க்கும் மேல் என்று நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம் கணக்கிட்டது.

அதில் ஒரு விவரம் கவனிக்க வேண்டியது. ஊடுருவிகள் தரவை மட்டும் எடுக்கவில்லை. பொட்டலங்களின் மேல் செர்வர் குத்தும் முத்திரைக்கான ரகசியச் சாவியையும் எடுத்தார்கள். சாவி கையில் இருந்தால் போலிப் பொட்டலமும் அசல் போலவே தெரியும். திருத்தத்தைப் போட்டு ஓட்டையை அடைத்தாலும், சாவியை மாற்றாதவரை அவர்கள் திரும்பி வரலாம். அதனால்தான் "அப்டேட் செய்தால் மட்டும் போதாது, சாவிகளையும் மாற்றுங்கள்" என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது.

இந்த ஆபத்து புதிதாகத் தெரியவந்ததும் அல்ல. ஜாவா மொழியில் 1997இலேயே இந்த வசதி வந்துவிட்டது. 2018இல் ஆரக்கிளின் தலைமை ஜாவா வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், அதைச் சேர்த்தது பெரிய தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2017இல் வெளியிட்ட பத்து முக்கிய ஆபத்துகளின் பட்டியலிலும் இது இருந்தது.

தெரிந்தும் ஏன் தொடர்கிறது?

வசதிக்காகத்தான். கண்டிப்பான முறையும் உண்டு. கூகல் 2008இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் அப்படிப்பட்டது. எந்தக் கட்டத்தில் எண் வரும், எதில் எழுத்து வரும் என்று முன்கூட்டியே இரு தரப்பும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு கூடும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேசி முடிவெடுக்க வேண்டும், வேலை மெதுவாகும். "அடுத்த வாரம் வெளியிடணும்" என்ற நெருக்கடியில் பலர் சுலபமான வழிக்குப் போய்விடுகிறார்கள்.

"நாங்க ஜேசன்தான் பயன்படுத்துறோம், பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழு உண்மையில்லை. ஜேசன் வெறும் எழுத்துதான். ஆனால் அந்த எழுத்துக்குள் "நான் இன்ன வகை" என்று எழுதியிருப்பதைப் படித்து அப்படியே பொருளை உருவாக்கும் கருவிகளிலும் இதே ஓட்டைகள் வந்திருக்கின்றன. எந்த வடிவத்தில் அனுப்புகிறோம் என்பதைவிட, வந்திருப்பது என்ன வகை என்று முடிவெடுப்பது யார் என்பதே முக்கியம். அந்த முடிவு அனுப்புபவரிடம் போய்விட்டால், வீட்டுச் சாவியும் அவரிடம் போனதாக அர்த்தம்.

நமக்கு என்ன?

பயனீட்டாளராக உங்களால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது. உங்கள் தரவை வைத்திருக்கும் நிறுவனம்தான் அடைக்க வேண்டும். உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கடை, துணைப்பாட நிலையம் போன்ற சிறு தொழில் இருந்து, அதற்கு இணையத்தளமும் இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்தப் பதிப்பில் ஓடுது? கடைசியா எப்போ திருத்தம் போட்டீங்க?" பதில் வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய ஓட்டைகள் பற்றிய எச்சரிக்கைகளைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்க்கும் பழக்கம் நல்லது.

நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நிரல் எழுதும் மாணவரா? பைத்தானில் பிக்கிள் என்ற வசதி இருக்கிறது. எந்தப் பொருளையும் இரண்டே வரியில் சேமித்துத் திரும்ப எடுக்கலாம். நம்பாத இடத்திலிருந்து வந்த கோப்பை அதில் திறக்கக் கூடாது என்று பைத்தானின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பல இந்த வடிவில்தான் பகிரப்பட்டு வந்தன. யாரோ பதிவேற்றிய மாதிரியைத் திறப்பதும் முன்பின் தெரியாதவரின் நிரலை உங்கள் கணினியில் ஓட்டுவதும் ஒன்றுதான். அதனால்தான் எண்களை மட்டும் வைத்திருக்கும் சேஃப்டென்சர்ஸ் போன்ற வடிவங்கள் வந்தன. பைடார்ச் கருவியும் 2025இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து இயல்பாகவே கண்டிப்பான முறைக்கு மாறிவிட்டது.

இந்த மாற்றம் போகும் திசை தெளிவு. எது வந்தாலும் பூட்டிக்கொள்ளும் காலம் மெல்ல முடிகிறது. "எனக்கு வேண்டியது இவைதான், மற்றதைப் பிரிக்கவே மாட்டேன்" என்று சொல்லும் முறைக்கு நிறுவனங்கள் நகர்கின்றன. ஆனால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய செர்வர்கள் ஒரே நாளில் மாறிவிடாது. அடுத்த முறை இணையத்தளம் திறக்கவில்லை என்றால் ரூட்டரை அணைப்பதற்கு முன் செய்தியைப் பாருங்கள். எங்கோ ஒரு செர்வர், பிரிக்கக் கூடாத பொட்டலத்தைப் பிரித்திருக்கலாம். அல்லது அதைத் தடுக்க யாரோ அவசரமாக ஓடிக்கொண்டிருக்கலாம்.