மின்சாரச் சேமிப்பு நிலையங்களும் நஞ்சை நிலங்களும்

தை மாதத்தில் கண்டுமுதலான நெல்லைக் குதிரிற் சேர்த்து வைத்து, ஆடி ஆவணியில் எடுத்துச் செலவிடுவது குடியானவர் வழக்கம். மின்சாரத்தையும் அங்ஙனமே சேர்த்து வைத்தற்குரிய சாதனங்கள் இப்பொழுது ஏற்பட்டிருக்கின்றன. சூரிய ஒளியினின்று பகற்பொழுதில் உண்டாகும் மின்சாரத்தைப் பாட்டரிகளில் நிரப்பி, விளக்கேற்றும் வேளையில் தேவை மிகும்போது திரும்பப் பெறுவதே இவற்றின் நோக்கமாகும். 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தார் 500 மெகாவாட் திறனும், 10 லட்சம் யூனிட் கொள்ளளவும் உடைய இத்தகைய நிலையங்களுக்கு டெண்டர் கோரினர். இவை நாட்டிற்கு அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயின், எந்த நிலத்தில் அமைக்கத்தக்கவை என்பதைத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் முன்னதாகவே ஆலோசித்தல் நலம்.

இந்நிலையத்திற்கு வேண்டிய நிலம் சொற்பமே. 20 அடி நீளமுள்ள இரும்புப் பெட்டி ஒன்றில் இக்காலத்தில் ஏறக்குறைய 5,000 யூனிட் அடங்குகிறது. லட்சம் யூனிட்டுக்கு இருபது பெட்டிகள் ஆகும். டிரான்ஸ்பார்மர்கள், இடைவெளி, பாதை யாவும் சேர்ந்தாலும் சில ஏக்கர்களே தேவைப்படும். ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்திற்கே 4, 5 ஏக்கர் வேண்டியிருத்தலை நோக்க, இது மிகக் குறைவு. மண் வளமோ, பாசனமோ இதற்கு வேண்டுவதில்லை. சப்-ஸ்டேஷன் அண்மையில் இருந்தாற் போதும். ஆபத்தும் இதில்தான் உள்ளது. கம்பி இழுக்கும் செலவைக் குறைக்க விரும்புவோர், சப்-ஸ்டேஷனுக்கு அடுத்த நிலம் வாய்க்காற் பாசன வயலாயினும் அதையே விலைக்குக் கேட்பது இயல்பு.

உய்யக்கொண்டான் முதலிய வாய்க்கால்களின் கீழுள்ள வயல்களும், லால்குடி, அந்தநல்லூர்ப் பக்கத்து நெல் வாழைச் சாகுபடியும், ஸ்ரீரங்கத் தீவில் மனைக்கட்டுகள் போக எஞ்சிய தோட்டங்களும் மீண்டும் உண்டாக்கத்தக்கவை அல்ல. வயலுக்கு வயல் நீர் பாயும் நஞ்சையில் நடுவே ஒருவர் கிராவல் கொட்டி மேடாக்குவாராயின், மேல் வயலுக்கு வடிகாலும் கீழ் வயலுக்குப் பாய்ச்சலும் தடைப்படும். விற்றவர் ஒருவர், நஷ்டமடைவோர் பலர். அன்றியும், 1977-லும் 2005-லும் திருச்சியில் வெள்ளம் புகுந்ததை முதியோர் மறந்திரார். பாட்டரிப் பெட்டிகளுக்குள் நீர் புகுதல் அபாயகரமாதலால், தாழ்ந்த நஞ்சை நிலம் நிலையத்தாருக்கும் ஏற்றதன்று.

நெருப்பையும் கருத வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மாஸ் லாண்டிங் என்னும் ஊரில், விளைநிலங்களை அடுத்திருந்த ஒரு பெரிய நிலையம் 2025 ஜனவரி 16-ஆம் தேதி தீப்பற்றியது. சுற்றுப்புறத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டனர். அண்மையிலுள்ள சதுப்பு நிலத்து மேல்மண்ணில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகிய உலோகங்கள் மிகுந்திருந்ததைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்கே பாட்டரிகள் ஒரே கட்டடத்துள் நெருக்கி வைக்கப்பட்டிருந்தன. இப்பொழுது தனித்தனிப் பெட்டிகளாக, இடைவெளி விட்டு, தீப்பற்றுந் தன்மை குறைந்த வகையை வைப்பதே பெரும்பான்மை. எனினும் தீயணைக்கப் பாய்ச்சிய நீர் பாசன வாய்க்காலிற் கலக்கலாகாது என்பது எவ்வகைக்கும் பொருந்தும் விதியாகும்.

சட்டத்தின் நிலை யாது? 2020-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை ஜில்லாக்களும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில வட்டாரங்களும் இடம்பெற்றன. திருச்சிராப்பள்ளியின் காவிரிப் பாசன நிலங்கள் சேர்க்கப்படவில்லை. அச்சட்டம் விலக்கிய தொழில்களின் பட்டியலிலும் பாட்டரி நிலையம் குறிக்கப்படவில்லை. ஆகவே இங்குள்ள காவல், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-ஆம் ஆண்டின் விதிகளுமே. திட்டப் பகுதிக்குப் புறம்பான விளைநிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதற்கு முன் அனுமதி பெறுதல் அவற்றின்படி கட்டாயம். நஞ்சையாயின் கலெக்டரின் இசைவும் வேண்டும். அந்த இசைவு கிராமக் கணக்கை ஆதாரமாகக் கொண்டது. தண்ணீர் வராமல் இரண்டு போகம் கிடந்த வயலை அடங்கலில் தரிசு என்று எழுதியிருப்பதைக் கொண்டே அது பயிருக்கு உதவாத நிலம் எனச் சான்றளித்தல் பெரும் பிழையாகும். நேரிற் சென்று, வாய்க்கால் மடையையும் வடிகாலையும் கண்ட பின்னரே அறிக்கை எழுத வேண்டும்.

உரிய இடம் இல்லாமலில்லை. மணப்பாறை, மருங்காபுரி, துறையூர்ப் பக்கங்களிலும், ஸ்ரீரங்கம் தாலுகாவிலேயே மணிகண்டம் பகுதியிலும் சரளையும் பாறையுமான மேட்டுப் புஞ்சைகள் உள. அங்கும் ஏரியின் நீர்வரத்துப் பகுதியையும் மேய்ச்சற் புறம்போக்கையும் தொடலாகாது. கிராமப் பொது நிலங்களைக் காக்க வேண்டுமென 2011-ஆம் ஆண்டில் ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்திருக்கின்றனர்.

“என் நிலத்தை நான் விற்பதைத் தடுப்பவர் யார்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. மழை பொய்த்தால் கடலையும் பொய்க்கும் புஞ்சைக்காரருக்கு நிலையான வருமானம் வேண்டியதே. ஆனால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறைய 12 முதல் 15 ஆண்டுகளே. நிலத்தின் ஆயுளோ தலைமுறை பல. ஆதலின் விற்பதினும் குத்தகைக்கு விடுதலே மேல். குத்தகைச் சீட்டில், வாடகை காலத்திற்கேற்ப உயர்தல், முடிவில் பெட்டிகளையும் கான்கிரீட்டையும் அகற்றி மண்ணைப் பழைய நிலைக்குக் கொணர்தல், அதற்கு முன்கூட்டியே ஈடு கட்டுதல் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீதே சுமத்தியுள்ளன. அதையும் சீட்டிற் குறித்தல் நன்று.

கேட்பவர் வந்த பின் யோசிப்பதைவிட, வாய்க்காற் பாசன நஞ்சை இவ்வளவு, நீர்வரத்து இது, கொடுக்கத்தக்க மேட்டு நிலம் இது எனச் சர்வே எண் வாரியாகப் பிரித்து, கிராம சபையில் தீர்மானித்துக் கலெக்டருக்கு அனுப்பி வைத்தலே விவேகம். சேமிப்பு நிலையத்தை எம்மேட்டிலும் அமைக்கலாம். கிராவலிட்டு மூடிய நஞ்சையைத் திரும்ப நஞ்சையாக்குதல் அரிதினும் அரிது.