ஸ்விட்சுக்கும் வேண்டும் ஒரு டைட்டில் கார்டு

கோடம்பாக்கத்துக்காரர்களுக்குப் பின்னணிக் குரலை விளக்க வேண்டியதில்லை. திரையில் உதடசைப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர். கல்லூரி ஆய்வகத்திலும் படத்தொகுப்புக் கூடத்திலும் கணினிகளை இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் அப்படித்தான். முகப்பில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். உள்ளே ஒலிப்பதோ பலர் குரல்.

கடைக்காரர் ‘மேனேஜ்டு ஸ்விட்ச்’ என்று சொல்லி விற்கும் பெட்டி உண்மையில் ஒரு கணினி. தரவுப் பொட்டலங்களை உரிய வாசலுக்குத் தள்ளுவது அதற்கென்றே வடிக்கப்பட்ட தனிச்சில்லு. பெரிய ஸ்விட்சுகள் பலவற்றில் இது பிராட்காம் தயாரிப்பு. அச்சில்லுக்குக் கட்டளையிடுவதும், கடவுச்சொல் கேட்பதும், பழுதைப் பதிவு செய்வதும் அருகிலுள்ள இன்டெல், ஆர்ம் போன்ற பொதுச்செயலியின் வேலை. அச்செயலியின்மேல் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. அரிஸ்டாவின் இ.ஓ.எஸ்., சிஸ்கோவின் என்.எக்ஸ்.-ஓ.எஸ். ஆகிய இரண்டுக்கும் அடித்தளம் லினக்ஸ். ஜூனிபரின் ஜூனோஸ் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வளர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2016இல் மூலநிரலைத் திறந்து வெளியிட்ட சோனிக், 2022 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

இலக்கிய வாசகருக்கு இதனால் என்ன? உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார். பூட்டிக் கிடக்கும் சுவடியில் பிழை திருத்த இயலாது. மென்பொருளும் அவ்வாறே. தயாரிப்பாளர் திருத்தங்களை நிறுத்திய பின்னும் பெட்டி ஓடும். அதிலுள்ள ஓட்டையோ அடைபடாது. மாணவர் மதிப்பெண்ணும் வெளிவராத படத்தின் காட்சிகளும் அதன் வழியேதான் செல்கின்றன. மூலநிரல் திறந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பது மெய். ஆனால் திறந்திருந்தால் திருத்த முன்வரும் இன்னொருவருக்கு வழியுண்டு.

லினக்ஸ் கருவின் உரிமம், அதைப் பெட்டிக்குள் வைத்து விற்பவர் அதன் மூலநிரலையும் தரக் கடமைப்பட்டவர் என்கிறது. நாம்தான் கேட்பதில்லை. வன்பொருளிலும் இத்தகைய திறப்பு நமக்கு அருகிலேயே நிகழ்ந்திருக்கிறது. கிண்டியை அடுத்துள்ள ஐ.ஐ.டி. வடிவமைத்த ‘சக்தி’ செயலி, ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொதுக் கட்டளைத் தொகுதியின்மேல் எழுந்தது. 2018இல் சில்லாகி அதில் லினக்ஸும் இயங்கியது. அதன் வடிவமைப்பு எவரும் படிக்கத் திறந்தே இருக்கிறது.

திரைப்படம் பாடகரின் பெயரை டைட்டிலில் போடுகிறது. ஸ்விட்ச் வாங்கும் கல்லூரிகளும் நூலகங்களும் அவ்வளவாவது கேட்கலாம்: உள்ளிருக்கும் செயலி எது, இயங்குதளம் எது, எந்த ஆண்டுவரை திருத்தம் வரும்? இம்மூன்றையும் எழுத்தில் தராதவரிடம் வாங்கக் கூடாது என்பதே என் கருத்து.