பேழையில்லா எச்சரிக்கை



சில ஆண்டுகளுக்கு முன்னர் மலையகப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய வேளையில், உலகச் சுற்றாடல் தினத்தை முன்னிட்டு எமது ஞாயிறு மறைப்பாடசாலை மாணவர்களுக்கு மரக்கன்றுகள் வழங்கினோம். காலநிலை மாற்றம் பற்றி ஒரு சிற்றுரை, ஒரு சித்திரப் போட்டி, ஈற்றில் ஆளுக்கொரு கன்று. நிகழ்வு இனிதே நிறைவுற்றது என்ற மனநிறைவோடு நான் நின்றிருந்தபோது, பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி கன்றைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தாள். "பாதர், இத எங்க நடுறது? எங்க லயத்துல எடமில்ல. தேயிலைக்குள்ள நட்டா தொர பிடுங்கச் சொல்லுவாரு" என்றாள்.

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. ஆலய வளவிலேயே அதனை நட்டுவிட்டோம். ஆயினும் அக்கேள்வி இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை. பூமியைக் காக்குமாறு நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். ஒரு கன்றை ஊன்றுவதற்கும் சொந்த மண் இல்லாத பிள்ளைக்கு அப்பாடத்தின் பொருள் யாது?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, புதன்கிழமை காலை. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. பிள்ளைகள் பலர் அவ்வேளையில் பாடசாலைக்குச் சென்றிருந்தனர். அதனால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேற்று மண்ணையே கண்டனர். பெற்றோரை இழந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

அம்மலை சரியக்கூடும் என்பது எவருக்கும் தெரியாத இரகசியமன்று. 2005ஆம் ஆண்டிலேயும் அதன் பின்னரும் அவ்விடம் அபாயகரமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அனர்த்தத்தின் பின்னர், "முன்கூட்டியே சொன்னோமே, மக்கள் வெளியேறவில்லையே" என்ற குரல்களும் எழுந்தன. எங்கே வெளியேறுவது? தொழிலோடு பிணைக்கப்பட்டது லயன் அறை. அதனை விட்டால் வேலையும் இல்லை, அயலும் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடசாலையும் இல்லை. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடப்பட்ட காலம் தொட்டு அம்மலைகளைப் பொன் விளையும் பூமியாக்கிய மக்களுள் பெரும்பாலானோர் இன்றும் காணியுரிமை அற்றவர்களே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாகவும் ஆக்கியது. நிலமற்றவனிடம் "இந்த நிலம் ஆபத்தானது" என்று கூறுவது அரைவாசி உண்மையே.

இவ்விடத்தில் நோவாவின் வரலாற்றை நினைவுகூர்வோம். வெள்ளம் வரப்போகின்றது என்று இறைவன் நோவாவுக்கு அறிவித்தார். ஆனால் அறிவித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. பேழையை எந்த மரத்தால் செய்வது, எத்தனை முழ நீளம், எத்தனை தட்டுகள், கீல் எங்கே பூசுவது என்பதையெல்லாம் கூறினார். நோவாவின் குடும்பம் முழுவதும் நுழைவதற்கு வாசலும் வைக்கச் சொன்னார். இறைவனின் எச்சரிக்கை பேழையோடு வருகின்றது. மனிதரின் எச்சரிக்கையோ பல வேளைகளில் ஒரு துண்டுக் காகிதத்தோடு முடிந்துவிடுகின்றது. மீரியபெத்தை மக்களுக்காகப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016இல் கையளிக்கப்பட்டன. அந்த வீடுகள் எச்சரிக்கையோடு வந்திருந்தால் எத்தனை தாய்மார் இன்று உயிரோடு இருந்திருப்பர்! உடையும் உணவும் இன்றி வாடும் சகோதரனைப் பார்த்து, எதுவும் கொடாமல், சுகமாய்ப் போய்வா என வாழ்த்தி அனுப்புபவரின் விசுவாசத்தைப் புனித யாக்கோபு கடிந்துகொண்டது இதனாலன்றோ?

மண்சரிவுக்குக் காரணம் ஒன்றல்ல. காடழிந்த சரிவுகளும் பராமரிப்பற்ற வடிகால்களும் அதற்குப் பங்காளிகள். ஆயினும் மழையின் இயல்பு மாறி வருவதை எவரும் மறுக்க இயலாது. வளி ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடையுமாயின் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. அது பொழியும்போது பெருமழையாகப் பொழிகின்றது. இவ்வெப்பத்தை உண்டாக்கியவர் யார்? இலங்கையர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு என்றால், அமெரிக்கர் ஒருவருக்கு ஏறத்தாழ 14 தொன். கொழுந்து பறிக்கும் தாயின் பங்கோ அந்த ஒரு தொன்னிலும் மிகச் சிறியது. குற்றம் ஓரிடத்தில், தண்டனை வேறோரிடத்தில். இந்த அநீதியைக் கூறாத காலநிலைக் கல்வி, நோயின் பெயரைச் சொல்லி அதன் காரணத்தை மறைக்கும் வைத்தியத்திற்கு ஒப்பாகும்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரியில், அதாவது மீரியபெத்தை அனர்த்தம் நிகழ்ந்து மூன்று மாதங்களும் நிறைவுறாத வேளையில், எமது மண்ணில் கால் பதித்தார். அதே ஆண்டில் 'லௌதாத்தோ சீ' எனும் சுற்றுமடலை வெளியிட்டார். பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் பிரித்துக் கேட்க முடியாது என்பதே அதன் சாரம். அதன் இறுதி அதிகாரம் சுற்றுச்சூழல் கல்விக்கும் ஆன்மீகத்திற்கும் உரியது. அதே ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும் தன் 12ஆம் உறுப்புரையில் காலநிலைக் கல்வியை நாடுகளின் கடமையாக்கியது. ஏடுகளில் குறையில்லை. பத்தாண்டுகள் கழிந்து 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி எமது நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மீண்டும் அதே மலைநாடு, மீண்டும் மண்சரிவுகள். லயத்து மக்கள் மீண்டும் ஆலய மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தனர்.

எனவே எமது பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்பிக்கப் போகின்றோம்?

முதலாவதாக, தம் மலையை வாசிக்கக் கற்பிப்போம். சுவரிலும் நிலத்திலும் தோன்றும் புதிய வெடிப்புகள், சாயத் தொடங்கும் மரங்கள், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்று ஆகியன மலை முன்கூட்டியே பேசும் மொழி. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அபாயச் சரிவிலிருந்து வெளியேற வேண்டும் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு மழைமானியைப் பாடசாலை முற்றத்தில் வைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. எச்சரிக்கைகள் தமிழில், உரிய நேரத்தில் வரவேண்டும் எனக் கேட்பதும் இக்கல்வியின் பகுதியே.

இரண்டாவதாக, கேள்வி கேட்கக் கற்பிப்போம். அபாயமான இடத்தில் எப்போதும் ஏழையே குடியிருப்பது ஏன்? பாதுகாப்பான காணி யாரிடம் உள்ளது? பிரதேச செயலாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது எப்படி? இவை அரசியல், இவை மறைக்கல்விக்கு உரியனவல்ல என்று சிலர் எண்ணலாம். எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த இறைவனை வழிபடும் நாம் அவ்வாறு எண்ணலாகாது.

மூன்றாவது பாடம் பிள்ளைகளுக்கு அன்று, எமக்கு. திருச்சபையிடமும் காணிகள் உண்டு. நிறுவனங்களிடமும் வசதி படைத்த இறைமக்களிடமும் உண்டு. இடம்பெயர்ந்த குடும்பங்களை மண்டபங்களில் சில வாரங்கள் தங்கவைத்து உணவளிப்பது நற்செயலே. ஆனால் அடுத்த மாரிக்கு அவர்களை அதே சரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, நாம் நோவாவின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியுமா? ஒரு பங்கு, ஒரு குடும்பத்திற்காவது பாதுகாப்பான சிறுதுண்டுக் காணியைப் பெற்றுக்கொடுக்க முன்வருமாயின் அதுவே ஆயிரம் மரக்கன்றுகளுக்கும் மேலான பாடமாகும்.

அச்சிறுமி இப்போது வளர்ந்திருப்பாள். ஆலய வளவில் அவள் நட்ட கன்றும் மரமாகி நிற்கின்றது. ஆயினும் அது அவளது நிலத்தில் நிற்கவில்லை. தன் பிள்ளையின் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, "இதை நமது முற்றத்தில் நடு" என்று அவள் கூறும் நாளை இறைவன் அருள்வாராக. அந்நாளுக்காக உழைக்கும் மனத்தை எமக்கும் அருள்வாராக.